அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

"அடிக்கிற கைதான் அணைக்கும்." அப்பாவிடம் அடி வாங்கி மூலையில் விசும்பிக்கொண்டிருக்கும் பேத்தியைத் தேற்றப் பாட்டி சொல்வது இது. அந்தப் பேத்தி வளர்ந்து, கல்யாணமாகி, கன்னம் வீங்கித் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதும் பெரியவர்கள் வாயில் வருவது பெரும்பாலும் இதே சொல்தான். ஏழு வயதில் ஆறுதலாகக் கேட்டது இருபத்தேழு வயதில் தீர்ப்பாகத் திரும்பி வருகிறது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடியை நாம் உறவுக்கு வெளியே நிறுத்தவே இல்லை என்பது தெரியும். அன்பின் ஒரு வடிவமாக, அண்ணன் தம்பியைவிட நெருங்கிய சொந்தமாக அதை வீட்டுக்குள் உட்காரவைத்திருக்கிறோம்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு ஏழு காரணங்களை அடுக்கி, இவற்றில் எதற்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டது. சொல்லாமல் வெளியே போவது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஏதோ ஒரு காரணத்துக்காவது சரிதான் என்றவர்கள் ஆண்களில் 44 விழுக்காடு. பெண்களில் 45 விழுக்காடு. தமிழ்நாட்டில், திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருப்பதாக அதே ஆய்வில் சொன்னார்கள். அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே பாடத்தைப் படித்து வந்தவர்கள் என்பதைத்தான் அந்த 44ஐயும் 45ஐயும் பார்க்கும்போது நினைக்கத் தோன்றுகிறது.

இந்தப் பாடத்தை அழித்து வேறொன்றை எழுதப் பள்ளிக்கூடத்தால் முடியுமா? முப்பது ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பள்ளிகளைப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் திட்டத்தை நடத்தி, மற்றவற்றோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இவை. அவற்றைப் படித்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பாடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, ஒரு பிள்ளை வாய் திறந்தால் அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. நீதிபோதனை என்று கால அட்டவணையில் ஒரு வகுப்பைப் போட்டுவிட்டு, அதைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுத்துப் பழகிய நமக்கு இது முக்கியமான செய்தி.

பீகாரின் நாலந்தா மாவட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற அமைப்பு அங்கே 74 அரசுப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டத்தை நடத்தியது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சச்சின் ஷிண்டேயும் மற்றவர்களும் செய்த அந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பீகார் அரசின் 'தரங்' என்ற வாழ்க்கைத்திறன் பாடம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. ஒரு பங்குப் பள்ளிகளில் அதற்கு மேல் எதுவும் இல்லை. இன்னொரு பங்கில், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் சேஹர் வேலைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது பங்கில் அதே வேலைகளுக்கென்று வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். 'சேஹர் மித்ரா' என்று அவருக்குப் பெயர். மித்ரா என்றால் தோழர். உளவியல் பட்டமெல்லாம் கிடையாது. குறுகிய பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஆள்.

வேலைகள் மிக எளியவை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாதம் ஒரு விஷயம் பேசுவது. பிள்ளைகளே எழுதி ஒட்டும் சுவர்ப் பத்திரிகை. பெயர் போடாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி. மாணவர் குழுக்கள் கூடிப் பேசுவது. தனியாக வந்து பேச விரும்பும் பிள்ளைக்குக் காது கொடுப்பது. இவ்வளவுதான். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

ஒரே கல்வியாண்டில் வந்த முடிவு பெரியது. மித்ரா இருந்த பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் பள்ளியைப் பற்றி நினைப்பதே மாறியது. சகமாணவரைச் சீண்டி வதைப்பது குறைந்தது, அடிப்பதும் அடிபடுவதும் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில்? தரங் பாடம் மட்டுமே நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதே பெட்டி, அதே சுவர்ப் பத்திரிகை. இரண்டாவது ஆண்டும் தொடர்ந்து பார்த்தார்கள். மித்ரா பள்ளிகளில் பலன் இன்னும் வலுத்தது. ஆசிரியர் பள்ளிகளில் அப்போதும் எதுவும் நகரவில்லை.

இதை வைத்து ஆசிரியர்களைக் குறை சொல்வது அநியாயம். தேர்தல் பணியும் கணக்கெடுப்பும் பதிவேடுகளும் போக மிஞ்சும் நேரத்தில் பாடத்தை முடிக்கவே ஓடும் ஒருவர் தலையில் இன்னொரு பொறுப்பைக் கட்டினால் அது பதிவேட்டில் மட்டுமே நடக்கும். ஆனால் நேரமின்மை பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். மதிப்பெண் போடுபவர், தண்டிப்பவர், வீட்டுக்குச் சொல்லி அனுப்புபவர் எல்லாமே ஆசிரியர். அவரிடமே போய், பேருந்தில் பக்கத்து ஊர்ப் பையன் இடிக்கிறான் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? சொன்னால் நாளையிலிருந்து படிப்பு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நம் வகுப்பறைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதி வைப்பான். ஆசிரியர் வந்ததும் பெயர் உள்ளவர்களுக்கு அடி. பேசினால் அடி விழும், காட்டிக்கொடுத்தால் பாராட்டு கிடைக்கும் என்பதை ஆறு வயதிலேயே இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் 'உங்களுக்கு ஏதாவது நடந்தால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று கேட்கிறோம்.

ஆசிரியரால் முடியவே முடியாது என்பதும் தவறு. கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் உல்ஃப் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய பாடத்திட்டத்தை நடத்தியவர்கள் ஆசிரியர்கள்தாம். எழுத்து, வாசிப்பு, எண் என்ற மூன்றோடு உறவையும் நான்காவது அடிப்படைப் பாடமாக வைக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். ஒன்பதாம் வகுப்பின் உடல்நலப் பாடத்துக்குள்ளேயே 21 வகுப்புகள். 20 பள்ளிகள், 1,722 பிள்ளைகள். இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, காதலிப்பவரை அடித்ததாக ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளைகள் வழக்கமான பள்ளிகளில் 7.1 விழுக்காடு, இந்தப் பாடம் படித்த பள்ளிகளில் 2.7. பெண்பிள்ளைகளிடம் மாற்றம் தெரியவில்லை. ஆய்வு 2009இல் வெளியானது.

அந்த வகுப்புகளில் அறிவுரை குறைவு, ஒத்திகை அதிகம். நண்பன் ஒருவன் தன் காதலியின் போனைப் பிடுங்கி யாரோடு பேசினாய் என்று பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் நீ என்ன சொல்வாய்? முதல்முறை சொல்லும்போது நா குழறும். இரண்டாவது முறை சற்றுத் தெளிவாக வரும். 'வேண்டாம்' என்று சொல்வது, அதைக் கேட்டவன் முகம் சுளிக்காமல் விலகுவது, கோபம் வரும்போது அறையை விட்டு வெளியேறுவது எல்லாமே நீச்சல் மாதிரி உடம்பு கற்க வேண்டியவை. தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பழகுதல். சைக்கிள் பழகுகிறோம், மாடு வண்டிக்குப் பழகுகிறது, மனிதர்களோடும் பழகுகிறோம். திரும்பத் திரும்பச் செய்து தேர்வதற்கும் இன்னொருவரோடு உறவு வைப்பதற்கும் ஒரே வினைச்சொல்லை வைத்த மொழியில், உறவு என்பது தானாக வரும் என்று எப்படி நம்பத் தொடங்கினோம் என்பது எனக்கு வியப்பு.

ஹரியானாவில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்குழந்தைகளுக்கு 834 பெண்குழந்தைகளே இருந்த மாநிலம் அது. சோனிபட், பானிபட், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களின் 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு பிரேக்த்ரூ என்ற அமைப்பின் பாலினச் சமத்துவப் பாடத்தைச் சோதித்தார்கள். நாலந்தாவின் மித்ராக்களைப் போல, இங்கும் வகுப்பெடுத்தவர்கள் அமைப்பு அனுப்பிய இளைஞர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம், இரண்டாண்டுகளுக்கும் மேலாக. திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்களைத் தாழ்த்தும் மனப்பான்மைகளில் 16 விழுக்காடு சமத்துவத்தின் பக்கம் திரும்பியது. திட்டம் முடிந்து இரண்டாண்டு கழித்தும் அது நிலைத்திருந்தது. பையன்கள் வீட்டுவேலை கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார்கள். பெண்களின் எண்ணம் மாறிய அளவுக்கு அவர்கள் நடைமுறை மாறவில்லை. பையன் பாத்திரம் கழுவ முடிவு செய்தால் கழுவிவிடலாம். பெண் வெளியே போக முடிவு செய்தால் அதற்கு இன்னும் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும்.

நியூயார்க் நகரத்தின் 30 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த சோதனைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. புரூஸ் டெய்லரும் நேன் ஸ்டீனும் அதில் வகுப்பறைப் பாடத்தையும் பள்ளிக் கட்டடத்தையும் பிரித்துச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் பாடம் மட்டும். சிலவற்றில் பாடமே இல்லை. பதிலாக, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, எந்த இடம் பயமில்லாதது, எந்த இடம் ஆபத்தானது என்று குறிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் குறித்த இடங்களில் பெரியவர்கள் நிற்கும்படி ஏற்பாடு செய்தார்கள். தொந்தரவு கொடுத்த மாணவர் பாதிக்கப்பட்டவரிடமிருந்து விலகியிருக்க எழுத்து வடிவில் உடன்பாடு போட்டார்கள். சுவரொட்டிகள் ஒட்டினார்கள். பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் பலன் இல்லை. கட்டடத்தில் வேலை நடந்த பள்ளிகளில் பாலியல் சீண்டலும் வன்முறையும் குறைந்தன.

நம் ஊரில் இதற்கு ஒரு ஆய்வுக்குழு கூடத் தேவையில்லை. எந்த அரசு மேல்நிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பெண்களிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் வழி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் பின்புறம், சாயங்காலம் கூட்டம் நெருக்கியடிக்கும் பேருந்து நிறுத்தம் என்று ஐந்து நிமிடத்தில் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்காமல் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அந்த வரைபடம் மனப்பாடம்.

உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்தில் கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது: வன்முறை கூடாது என்று கற்பிக்கும் கையிலேயே பிரம்பு இருந்தால்? அங்கே பள்ளியில் அடிப்பதற்குத் தடை ஏற்கெனவே இருந்தது. இருந்தும் ஆசிரியர்கள் அடித்தார்கள். ரெய்சிங் வாய்சஸ் என்ற உள்ளூர் அமைப்பு உருவாக்கிய 'நல்ல பள்ளி' திட்டம் ஆசிரியர்களோடும் நிர்வாகத்தோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து ஒன்றரை ஆண்டு வேலை செய்தது. 42 தொடக்கப் பள்ளிகளில் பாதியில் திட்டம், பாதியில் இல்லை. கேரன் டெவ்ரீசும் மற்றவர்களும் 2015இல் வெளியிட்ட முடிவில், கடந்த ஒரு வாரத்தில் பள்ளி ஊழியரிடம் அடி வாங்கியதாகச் சொன்ன பிள்ளைகள் திட்டம் இல்லாத பள்ளிகளில் 48.7 விழுக்காடு. திட்டம் நடந்த பள்ளிகளில் 31. குறைவுதான், ஆனால் பத்தில் மூன்று பிள்ளைகள் அப்போதும் ஒரு வாரத்துக்குள் அடிபட்டிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஆய்வாளர்கள் கேள்வி கேட்டபோது பிள்ளைகள் சொன்னவற்றின் காரணமாக 434 குழந்தைகளைக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்களிடம் அனுப்ப வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டதும் இவ்வளவு வெளியே வந்திருக்கிறது. இத்தகைய பாடம் தொடங்கும் எந்தப் பள்ளியும், முதல் வாரமே இப்படிச் சில குரல்கள் எழும் என்பதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். கேட்டுவிட்டுக் கைவிடுவது, கேட்காமலே இருப்பதைவிடக் கொடுமை.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள். 1098, 14417 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. ஆகவே, ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைவில் வைத்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன்படித்த ஆதிக்கசாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டபோது நடந்ததைச் சொன்னார். சொன்ன பிறகு, இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை செய்ததெல்லாம், எல்லாப் பாடத்திட்டங்களும் செய்யச் சொல்கிற அதே காரியம்: நம்பகமான பெரியவரிடம் சொல்வது. சொன்னவரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இல்லை.

வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே என்பது அதைவிடக் கனமான உண்மை. ஆரோக்கியமான உறவு பற்றிய வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் காதலர், நண்பர், குடும்பம் என்று பேசுகின்றன. நம் பிள்ளைகளின் உறவுகளை முதலில் வகுப்பது சாதி. எந்த நிறக் கயிறு கட்டியவனோடு உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரித்தால் வெட்டு விழும் என்பதெல்லாம் பத்து வயதுக்குள் தெரிந்துவிடுகிறது. சாதியைத் தொடாமல் தமிழ்நாட்டில் உறவுக்கல்வி நடத்துவது, அடித்தளத்தை விட்டுவிட்டு மேல்மாடியைப் பூசுகிற வேலை.

காதலும் அப்படித்தான். நம் பள்ளிகளில் அந்தச் சொல் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் மட்டுமே வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாடிப்படி வைத்த பள்ளிகள் இருக்கின்றன. ஆகவே காதலைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு முழுவதும் சினிமாவிடம் போனது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னால் விடாமல் சுற்றினால் கடைசியில் அவள் சம்மதிப்பாள் என்று அது பல தலைமுறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பேச முன்வரும் ஆசிரியருக்கோ ஆலோசகருக்கோ சட்டமும் ஒரு சிக்கலை வைக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமாகாது. குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காவிட்டால் தண்டனை. சிறுவர்களை வேட்டையாடுகிறவர்களிடமிருந்து காக்க இந்தக் கட்டாயம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் வயதுப் பையன் ஒருவனோடு உள்ள நெருக்கத்தைப் பற்றிக் குழம்பிப்போய் ஆலோசகரிடம் வந்தால், அவர் காது கொடுப்பதா, காவல் நிலையத்துக்குப் போவதா? வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்து சொன்னார். அந்தத் தெளிவு பள்ளிக்கூட அறை வரை வந்து சேர வேண்டும். அதுவரை பெண்கள் பேசாமல்தான் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது, வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது போன்றவைதாம் செய்திகளில் அதிகம் அடிபட்டன. அவை தேவையானவையே. ஆனால் நாலந்தாவை மனத்தில் வைத்துப் படிக்கும்போது வேறொரு பரிந்துரை கண்ணில் நிற்கிறது. 500க்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் பள்ளி நல அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். வதை, போதை, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும். மாணவர்கள் அவரிடம் புகார் கொடுக்கலாம். மதிப்பெண் போடாத, பிரம்பு எடுக்காத, கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர். பீகாரில் பலன் தந்த ஏற்பாட்டுக்கு மிக நெருக்கமானது இது.

எனக்கு இடறுவது அந்த 500 என்ற எல்லை. இருநூறு பிள்ளைகள் படிக்கும் கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தமும் டீக்கடையும் ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர்களும் ஒரே ஆட்கள்தாம். வாய் திறப்பதற்கு மிகவும் கடினமான இடம் அதுதான், அலுவலர் வராத இடமும் அதுதான். நான்கு சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரை அமர்த்தலாம். அவர் அந்தச் சுற்றுவட்டாரத்தின் ஆதிக்கசாதியைச் சேர்ந்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியின் சாவி தலைமையாசிரியர் மேசையில் இல்லாமல் அவர் கையில் இருக்கட்டும். வாரத்தில் எந்தக் கிழமை வருவார் என்பதைப் பள்ளிச் சுவரில் எழுதிப்போட வேண்டும், அந்தக் கிழமை அவர் வந்தே ஆக வேண்டும்.